தேடுபொறி உங்கள் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கூகுளில் 'கொடுக்காப்புளி மரம்' என்று தட்டி என்டரை அழுத்துகிறோம். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் உலகத்தில் உள்ள எல்லா இணையதளங்களையும் கூகுள் தேடிப் பார்த்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நொடியில் அது ஒரு தளத்துக்கும் போவதில்லை. நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்பே பக்கங்களைப் படித்துத் தன் கணினிகளில் குறித்து வைத்திருக்கிறது. நாம் கேட்கும்போது அந்தக் குறிப்புகளில்தான் தேடுகிறது.

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு பக்கம் இணையத்தில் இருக்கலாம்; முகவரி தெரிந்தவர்கள் திறந்து படிக்கலாம். ஆனால் தேடுபொறியின் குறிப்பில் அது ஏறவில்லை என்றால், தேடுகிறவர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு பக்கமே கிடையாது. குறிப்பில் ஏறுமா ஏறாதா என்பது யாரோ தேடும் நேரத்தில் முடிவாவதில்லை. வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது கூடுதல் அவசியம். நல்ல தமிழ் எழுத்து ஏராளமாக இந்த இடத்தில்தான் தொலைந்துபோகிறது.

இணையப் பக்கங்களின் வலை (வெப்) சின்னதாக இருந்தபோது இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, புதிதாக வந்த சர்வர்களை, அதாவது பக்கங்களை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினிகளை, கையாலேயே ஒரு பட்டியலில் சேர்த்துவந்தார். சர்வர்கள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1993-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் மேத்யூ கிரே, ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு தானே அடுத்த பக்கத்துக்குப் போகும் நிரல் ஒன்றை எழுதினார். வலை எவ்வளவு பெரியது என்று அளப்பதுதான் அவருடைய நோக்கம். அதே ஆண்டு டிசம்பரில், ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பிளெட்சர் தொடங்கிய ஜம்ப்ஸ்டேஷன், தானே பக்கங்களைத் தேடிப்போய், குறித்துவைத்து, கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னது. ஆனால் தலைப்புகளை மட்டும்தான் அதனால் குறித்துவைக்க முடிந்தது. 1994-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் உருவாக்கிய வெப்க்ராலர், பக்கத்தின் முழு எழுத்தையும் தேடவைத்தது. 1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் தங்கள் கூகுளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியபோது அதனிடம் இருந்தவை சுமார் 2.4 கோடி பக்கங்கள். இன்று கூகுள் தன்னிடம் இருப்பவற்றைப் பத்தாயிரம் கோடிகளில் சொல்கிறது. அளவுதான் மாறியிருக்கிறது; வேலையின் அடிப்படை அன்றைக்கு இருந்ததுதான். பக்கத்தைக் கண்டுபிடிப்பது, படித்துக் குறித்துவைப்பது, கேட்கும்போது வரிசைப்படுத்திக் கொடுப்பது.

வழி இருந்தால்தான் வரும்

இணையதளப் பெயர்களுக்குப் பதிவு உண்டு. ஆனால் அந்தத் தளங்களுக்குள் இருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் உலகில் எங்கேயும் ஒரு பதிவேடு இல்லை. அதனால் தேடுபொறி தானே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு க்ராலர் என்று பெயர். பாட் என்றும் சொல்வார்கள். கூகுளுடையது கூகுள்பாட், மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கு பிங்பாட்.

க்ராலரிடம் எப்போதும் ஒரு நீண்ட முகவரி வரிசை இருக்கும். வரிசையில் முதலில் உள்ள முகவரிக்குப் போய், உங்கள் பிரவுசர் கேட்பது போலவே அதுவும் சர்வரிடம் பக்கத்தைக் கேட்டு வாங்கும். வாங்கியதில் உள்ள இணைப்புகளை எல்லாம் எடுத்து, ஏற்கெனவே தெரிந்தவற்றைத் தள்ளிவிட்டு, புதியவற்றை வரிசையில் சேர்க்கும். அப்புறம் அடுத்த முகவரி. இதை இரவு பகலாகச் செய்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால், கொடுக்காப்புளி வளர்ப்பது பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதிப் போட்டால் க்ராலருக்கு அது எப்படித் தெரியும்? ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒரு பக்கத்தில் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு இருக்க வேண்டும். உங்கள் தளத்தின் முகப்பிலிருந்தே ஒரு இணைப்பு போதும், அந்த முகப்பு அதற்குத் தெரிந்திருந்தால். முகப்பிலும் இல்லை, வேறு யாரும் இணைக்கவும் இல்லை, வாட்ஸ்அப்பில் மட்டும் முகவரியை நண்பர்களுக்கு அனுப்பினீர்கள் என்றால், க்ராலர் உங்களிடம் வர வழி கிடையாது. வாட்ஸ்அப் குழுவுக்குள் அது நுழையாது. உள்நுழைந்தால்தான் படிக்க முடியும் என்று பூட்டியிருக்கும் எந்த இடத்துக்கும் அது போகாது. தமிழில் ஊர் வரலாறு, மருத்துவக் குறிப்பு, விவசாய அனுபவம் என்று எத்தனையோ பேர் அருமையாக எழுதி, அதை ஒரு குழுவுக்குள் மட்டும் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரமே குழுவில் உள்ளவர்களுக்குக்கூட அது கிடைப்பதில்லை. அதே எழுத்து ஒரு பொதுப்பக்கத்தில் இருந்திருந்தால், பத்து ஆண்டு கழித்தும் தேவைப்படுகிற ஒருவர் கையில் சேரும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

இணைப்பைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிகளை எல்லாம் ஒரே கோப்பில் எழுதி வைப்பது. இதற்கு சைட்மேப் என்று பெயர். கூகுள் 2005-ல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் இதைத் தாமே உருவாக்கிவிடுகின்றன. ஆனால் சைட்மேப்பில் இருக்கிறது என்பதற்காகத் தேடுபொறி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று உறுதி இல்லை. இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு முறை வந்துபோன க்ராலர் திரும்பவும் வரும். மணிக்கு மணி மாறும் செய்தித்தளத்தின் முகப்புக்கு அடிக்கடி வரும். ஐந்து ஆண்டாக மாறாத பக்கத்துக்கு எப்போதாவது வரும். வரும்போது 'போன தடவைக்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா' என்று சர்வரிடம் கேட்கலாம். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்பும். முழுப்பக்கத்தையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. சர்வர் திணறினால் க்ராலர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்ன, மெதுவான சர்வரில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தால் எல்லாவற்றையும் படித்து முடிக்க அதனால்தான் நாளாகிறது.

வராதே என்பதும், குறிக்காதே என்பதும்

க்ராலர்கள் வந்த புதிதில் சில சர்வர்கள் அவற்றின் கேள்விகளைத் தாங்க முடியாமல் படுத்துவிட்டன. 1994-ல் மார்ட்டின் கோஸ்டர் என்ற நெதர்லாந்துப் பொறியாளர் ஒரு எளிய ஏற்பாட்டைச் சொன்னார். தளத்தின் தலைவாசலில் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரு சின்னக் கோப்பை வையுங்கள். எந்த க்ராலர் எந்தப் பகுதிக்கு வரக்கூடாது என்று அதில் எழுதுங்கள். ஒழுங்கான க்ராலர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வரும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே இருந்த இது, 2022-ல்தான் முறையான இணையத் தரமாக வெளியானது. அது பூட்டு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். மதிக்காத நிரல் நேராக உள்ளே வந்துவிடும். ரகசியமாக இருக்க வேண்டியதைக் கடவுச்சொல் போட்டுத்தான் காப்பாற்ற முடியும்.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் குழம்புகிற ஒரு இடம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரோபாட்ஸ் கோப்பு சொல்வது 'இந்தப் பக்கத்தைப் படிக்க வராதே' என்பது. 'இதைத் தேடல் முடிவில் காட்டாதே' என்று அது சொல்வதில்லை. வேறு நாலு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அதன் முகவரியைத் தேடுபொறி காட்டலாம். காட்டவே கூடாது என்றால் அதற்கு வேறு குறி உண்டு: பக்கத்தின் உள்ளேயே, தலைப்பகுதியில், நோஇண்டெக்ஸ் என்று எழுத வேண்டும். இப்போது சிக்கலைப் பாருங்கள். அந்தக் குறியைப் பார்க்க க்ராலர் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். ரோபாட்ஸ் கோப்பில் வழியையும் அடைத்துவிட்டால் அது திறக்காது. குறி இருப்பதே அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு நேர்மாறாக நடப்பது இதனால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நோஇண்டெக்ஸ் போட்டு வைப்பார்கள். திறப்பு நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைக் குறிக்க வேண்டாம்' என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. புதிய தளம் தேடலில் வரவே இல்லை என்றால் முதலில் அந்தப் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு என்ன?

பக்கம் கைக்கு வந்துவிட்டது. இனி அதைப் படிக்க வேண்டும். தேடுபொறி முதலில் தேடுவது எழுத்தை. தலைப்பு எது, உட்தலைப்பு எது, பத்தி எது, படத்துக்குக் கொடுத்த விளக்கம் எது என்று பிரித்துக்கொள்ளும். சில தளங்களில் சர்வர் அனுப்புவது காலியான சட்டகம் மட்டும்தான். பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிய பிறகுதான் எழுத்தே திரையில் வரும். கூகுள்பாட் க்ரோம் பிரவுசரின் உள்பொறியைக் கொண்டு அதையும் ஓட்டிப் பார்க்கிறது. ஆனால் எல்லா க்ராலரும் அப்படிச் செய்வதில்லை. எழுத்து சர்வரிலிருந்தே நேராக வந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

தமிழுக்கு இங்கே தனிக் கதை இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறி கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். மனிதக் கண்ணுக்கு அது தமிழ். க்ராலருக்கு எழுத்துருவின் வடிவம் முக்கியமில்லை. சேமித்து வைத்திருக்கும் குறிகளைத்தான் அது படிக்கும். அதன் கணக்கில் அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. நீங்கள் யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் அந்தப் பக்கம் எப்படி வரும்? 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பல இப்படித்தான் தேடலுக்கு எட்டாமல் போயின. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் பழைய மின்னூல்களை யூனிகோடுக்கு மாற்றிய பெரும் உழைப்பின் அருமை இதைப் புரிந்துகொண்டால்தான் தெரியும். இன்றைக்கு ஒரு சங்கப் பாடல் அடியைத் தட்டினால் முழுப்பாடலும் கிடைப்பதற்கு அப்படிப்பட்ட உழைப்பும் ஒரு காரணம்.

யூனிகோடு வந்த பிறகும் சில நுணுக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இவை இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி சொல்லியிருப்பதால், தேடுபொறி குறித்துவைப்பதற்கு முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். கொடுக்காப்புளி தப்பித்தது. ஆனால் 'கௌரி' அப்படித் தப்பிப்பதில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாக, ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகர எழுத்தையே போட்டு 'கெளரி' என்று தட்டச்சு செய்கிறவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். இதற்குச் சமன்பாட்டு விதி எதுவும் இல்லை. பெரிய தேடுபொறிகள் எழுத்துப்பிழைத் திருத்தத்தில் இதைச் சமாளிக்கலாம். ஒரு நூலகத் தளத்தில் உள்ள சின்னத் தேடல் பெட்டி 'அப்படி எதுவும் இல்லை' என்று சொல்லிவிடக்கூடும். தட்டச்சு செய்யும்போது சரியான விசையை அழுத்துவது இதனால் முக்கியம்.

கோயில் தலபுராணத்தையோ பழைய மலரையோ ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றிவிட்டு, இணையத்தில் போட்டாயிற்று என்று நிம்மதி அடைகிறோம். உள்ளே இருப்பது எழுத்தின் படம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் இப்போது தமிழுக்கும் உண்டு. ஆனால் மங்கிய அச்சிலும் பழைய எழுத்து வடிவங்களிலும் அது தடுமாறும். பிடிஎஃப்போடு கூடவே தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, நாலு வரி அறிமுகம் என்று எழுத்தாகவும் தட்டி வைத்தால், அந்த நாலு வரி வழியாகவாவது யாராவது உள்ளே வருவார்கள்.

சொல்லடைவு

சங்க நூல்களின் நல்ல பதிப்புகளில் கடைசியில் ஒரு சொல்லடைவு இருக்கும். 'ஞாழல்' என்ற சொல் எந்தெந்தப் பாடலில் வருகிறது என்று எதிரே எண்கள் கொடுத்திருப்பார்கள். நூல் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. தேடுபொறி எழுதி வைக்கும் குறிப்புக்கு இண்டெக்ஸ் என்று பெயர்; அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. பக்கத்துக்குள் என்னென்ன சொல் என்று வைத்திருப்பதைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில், எத்தனையாவது இடத்தில் என்று எழுதி வைக்கிறது.

மூன்றே பக்கங்கள் உள்ள இணையம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். முதல் பக்கத்தில் 'கொடுக்காப்புளி மரம் வறட்சியைத் தாங்கும்' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'புளிய மரம் நிழல் தரும்'. மூன்றாவதில் 'கொடுக்காப்புளி விதை சீக்கிரம் முளைக்கும்'. இண்டெக்ஸில் 'கொடுக்காப்புளி' என்ற சொல்லுக்கு எதிரே 1, 3 என்று இருக்கும். 'மரம்' என்பதற்கு எதிரே 1, 2. 'கொடுக்காப்புளி மரம்' என்று கேட்டதும் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டால் பொதுவாக இருப்பது 1 மட்டும். அந்தப் பக்கத்தில் ஒன்று முதலாவது சொல், மற்றது இரண்டாவது சொல். எனவே அடுத்தடுத்து வருகின்றன என்பதும் தெரிந்துவிடுகிறது. பக்கங்களைத் திறக்கவே இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களுக்கும் இதே முறைதான். இண்டெக்ஸைப் பல துண்டுகளாக்கி ஆயிரக்கணக்கான கணினிகளில் வைத்து, எல்லாவற்றிடமும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். வேகத்தின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கும் ஒரு சவால் உண்டு. நம் சொற்கள் வேற்றுமை உருபையும் விகுதியையும் ஏற்று மாறிக்கொண்டே இருக்கின்றன. மரம், மரத்தை, மரத்துக்கு, மரங்களில், மரமும், மரத்தடியில். இண்டெக்ஸில் உள்ளது உள்ளபடியே ஏற்றினால் எல்லாம் தனித்தனிச் சொற்கள். 'மரம்' என்று தேடுகிறவருக்கு 'மரத்தை' என்று மட்டும் எழுதிய பக்கம் கிடைக்காது. வேர்ச்சொல்லைப் பிரித்து அறியும் நிரல்கள் இதற்காகவே இருக்கின்றன. இதோடு ஒரே பொருளுக்குப் பல பெயர்கள்: கொடுக்காய்ப்புளி, கொருக்காப்புளி, கோணப்புளியங்காய். ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களும் ஏராளம். இன்றைய தேடுபொறிகள் சொல்லின் வடிவத்தோடு பொருளையும் பார்க்கப் பழகியிருக்கின்றன. என்றாலும், உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயரோ அதையும், மற்ற ஊர்ப் பெயர்களையும் கட்டுரையில் இயல்பாக ஒரு வரியில் சொல்லிவிடுவது வாசகருக்கும் நல்லது, தேடுபொறிக்கும் உதவி.

படித்ததை எல்லாம் தேடுபொறி குறித்துக்கொள்வதும் இல்லை. ஒரே கட்டுரை பத்து முகவரிகளில் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை ஒதுக்கிவிடும். உங்கள் கட்டுரையை வேறொருவர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தால், அது தேர்ந்தெடுப்பது அவருடையதாகக்கூட இருந்துவிடலாம். ஒரே தளத்துக்குள் இப்படி ஆகாமல் இருக்க, 'இதன் மூல முகவரி இது' என்று சொல்லும் கனானிக்கல் குறி 2009-லிருந்து இருக்கிறது.

வரிசைப்படுத்துவது தனிப் பெரிய தலைப்பு. கூகுளைத் தனித்துக் காட்டிய பேஜ்ரேங்க் யோசனையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்து அதன் மதிப்பைக் கணக்கிடுவது. இன்று அதோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இண்டெக்ஸில் ஏறாத பக்கத்துக்கு எந்த அளவுகோலும் பொருந்தாது.

நம் பக்கம் ஏறிவிட்டதா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தத் தளத்திலிருந்து ஏறியிருக்கும் பக்கங்களைக் காட்டும். இது தோராயமானது. துல்லியமாக வேண்டும் என்றால் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

இண்டெக்ஸில் ஏறாத பக்கங்களுக்கு அந்தக் கருவியில் காரணம் போட்டிருக்கும். இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். 'கண்டுபிடித்தாயிற்று, இன்னும் குறிக்கவில்லை' என்ற வகை, முகவரி மட்டும் தெரியும், க்ராலர் இன்னும் வரவில்லை என்று சொல்கிறது. உங்கள் மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள், சர்வர் மெதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். 'படித்தாயிற்று, இன்னும் குறிக்கவில்லை' என்ற வகை வேறு. வந்து பார்த்துவிட்டது, எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் பக்கத்தில் எழுத்து மிகக் குறைவாக இருக்கும், அல்லது வேறு எங்கோ இருப்பதன் நகலாக இருக்கும். இதற்கு இணைப்பு மட்டும் உதவாது. பக்கத்தையே கவனிக்க வேண்டும்.

ஏறிய பக்கம் இறங்கவும் செய்யும். பக்கத்தை நீங்கள் நீக்கிவிட்டால் சர்வர் 404, அதாவது 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று பதில் சொல்லும். க்ராலர் சில முறை வந்து பார்த்துவிட்டு இண்டெக்ஸிலிருந்து எடுத்துவிடும். தளத்தின் பெயரை மாற்றுகிறவர்கள் இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். பழைய தளத்தை அப்படியே மூடிவிட்டுப் புதிய பெயரில் தொடங்கினால், இத்தனை ஆண்டு மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் அத்தனையும் 404-ல் போய் முட்டும். ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் போடுங்கள்; எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது அதை எடுக்க வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது. முடிந்தால் பழைய பெயரைக் கைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பது இன்னும் நல்லது.